வேலை செய்யும் இடத்தில் புகை



இன்றைய பேச்சு புகையைப் பற்றியது. பீடி, சிகரெட், சுருட்டு ஆகியவற்றின் புகை. புகை பிடிப்பது உடம்புக்குக் கெடுதல். இது எல்லோருக்கும் தெரியும். சிகரெட் பெட்டியின் மேலேயே படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். எனவே புகை பிடிப்பவரைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பக்கத்தில் இருப்பவர் பீடியைக் கையால் தொட்டதே இல்லை. ஆனாலும் பீடிப் புகை தினமும் அவர் நெஞ்சுக்குள் போகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே நெருப்பு ஒருவர் விரல் இடுக்கில் இருக்கிறது. புகை பத்துப் பேர் மார்புக்குள் போகிறது. இது நியாயமா? இதற்குச் சட்டம் உண்டா? சட்டம் இருந்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது?

எழுந்து போக முடியாத இடம்

டீக்கடையில் ஒருவர் சிகரெட் பற்ற வைக்கிறார். நமக்குப் பிடிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு நகர்ந்து விடலாம். கல்யாண வீட்டில் ஒருவர் சுருட்டுப் பிடிக்கிறார். வேறு பக்கம் போய் உட்காரலாம். ஆனால் வேலை செய்யும் இடத்தில் அப்படிச் செய்ய முடியுமா?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் கடை. பின்பக்கம் கிட்டங்கி. நடுவில் ஒரு சின்ன அறை. அதற்கு ஒரே ஒரு சன்னல். அந்த அறையில் ஒரு பெண் கணக்கு எழுதுகிறார். காலை 9 மணிக்கு வந்தால் மாலை 6 மணி வரை அங்கேதான் இருப்பார்.

மேனேஜர் சிகரெட் பிடித்துக்கொண்டே கணக்குக் கேட்கிறார். சரக்கு எடுக்க வருபவர் பீடியோடு வந்து நிற்கிறார். லாரி டிரைவர் வருகிறார். அவர் கையிலும் ஒரு பீடி. ஒருவர் புகை அடங்குவதற்குள் இன்னொருவர் புகை வருகிறது. மாலையில் வீட்டுக்குப் போனால் அவர் சேலையிலும் தலைமுடியிலும் புகை நாற்றம்.

அந்தப் பெண் எழுந்து எங்கே போவார்? நாற்காலியை விட்டுப் போனால் வேலை போய்விடும். வேலை போனால் அரிசி வாங்குவது எப்படி? பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு எப்படி? அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாயை மூடலாம். மூச்சை மூட முடியுமா? கூலிக்காக அவர் கொடுப்பது உழைப்பை மட்டும்தான். நுரையீரலைக் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்திய அரசு இரண்டு முறை பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. முதல் முறை 2009-10ஆம் ஆண்டில். இரண்டாம் முறை 2016-17ஆம் ஆண்டில். இந்த இடைவெளியில் நல்ல மாற்றம் வந்தது. கேரளத்தில் புகையிலை பயன்படுத்துவோர் நூற்றுக்கு 21 பேர் என்பது நூற்றுக்கு 13 பேராகக் குறைந்தது. நாடு முழுவதும் வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் நூற்றுக்கு 52 பேராக இருந்தார்கள். அது 39 ஆகக் குறைந்தது.

ஆனால் வேலை செய்யும் இடத்தில் மட்டும் மாற்றம் இல்லை. கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 30 பேர் முதல் கணக்கிலும் பிறர் புகையைச் சுவாசித்தார்கள். இரண்டாம் கணக்கிலும் நூற்றுக்கு 30 பேர்தான். ஏழு ஆண்டுகளில் ஒரு படி கூடக் கீழே இறங்கவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் "வெளியே போய்ப் பிடியுங்கள்" என்று சொல்ல முடிகிறது. வேலை இடத்தில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது?

புகை பிடிப்பவர் இழுக்கும் புகை ஒன்று. அவர் வெளியே ஊதும் புகை இன்னொன்று. மூன்றாவதாகவும் ஒரு புகை உண்டு. பீடியை உதட்டிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருக்கும்போதும் அதன் நுனி எரிந்துகொண்டே இருக்கிறது. அந்த நுனியிலிருந்து கிளம்பும் புகை நேராக அறைக்குள் பரவுகிறது. அறையில் நிறையும் புகையில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

இந்தப் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 70 பொருட்கள் வரை புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் இருக்கிறது. ரத்தம் உடம்பு முழுவதும் பிராண வாயுவைச் சுமந்து செல்ல வேண்டும். இந்த விஷ வாயு அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டி வருகிறது.

"சிகரெட்தானே கெடுதல், இது வெறும் பீடி" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பீடிக்குள் இருப்பதும் புகையிலைதான். பீடிப் புகையிலும் அதே விஷங்கள் இருக்கின்றன.

என்னென்ன நோய் வரும்?

ஜப்பான் நாட்டில் ஹிரயாமா என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பெரிய ஆய்வு செய்தார். புகை பிடிக்காத பெண்கள் 91 ஆயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். எல்லோரும் திருமணமானவர்கள். 14 ஆண்டுகள் அவர்களுடைய உடல்நிலையைக் கவனித்தார்கள். 1981ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. அதிகமாகப் புகை பிடிக்கும் கணவர்களின் மனைவிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்திருந்தது. அந்தப் பெண்கள் ஒரு சிகரெட் கூடப் பிடித்தவர்கள் இல்லை.

அதன்பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. 2006ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கு இருதய நோய் வரும் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு புகை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. அந்த அறிக்கை இதைத்தான் சொன்னது.

இளைப்பு நோய் உள்ளவருக்குப் புகை பட்டதும் மூச்சுத் திணறல் கூடும். கர்ப்பிணிப் பெண் இந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். உலகம் முழுவதும் பிறர் புகையால் ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. இறப்பவர்கள் புகை பிடிக்காதவர்கள்.

சன்னலைத் திறந்தால் போதாதா?

"சன்னலைத் திறந்து வை. மின்விசிறியைப் போடு. புகை போய்விடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மின்விசிறி புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு மூலையில் இருந்த புகையை அறை முழுவதும் பரப்புகிறது. ஏ.சி. இயந்திரம் அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. புகையும் அதோடு சுற்றி வருகிறது. சன்னல் திறந்திருந்தால் கொஞ்சம் புகை வெளியே போகும். ஆனால் மிச்சம் உள்ளேதான் இருக்கும். கண்ணுக்குப் புகை தெரியாமல் போன பிறகும் காற்றில் விஷம் இருக்கும்.

"நீ இந்த மேசை, நான் அந்த மேசை" என்று பிரித்துக்கொள்வதும் பயன் தராது. புகைக்கு மேசை தெரியாது. ஒரே கூரையின் கீழ் புகை பிடிக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

பரிமாறிய பெண்ணின் கதை

வேலை இடத்துப் புகை ஓர் ஆளை என்ன செய்யும்? கனடா நாட்டில் நடந்த ஒரு விஷயம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. ஹெதர் குரோ என்ற பெண் அந்த நாட்டில் ஹோட்டல்களில் பரிமாறும் வேலை செய்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 40 ஆண்டுகள். அவர் புகை பிடித்ததே இல்லை. ஆனால் சாப்பிட வந்தவர்கள் புகை பிடித்தார்கள். அந்தப் புகைக்கு நடுவில் நடந்துதான் அவர் தட்டுகளை எடுத்து வைத்தார்.

2002ஆம் ஆண்டு அவருக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இயந்திரத்தில் கை சிக்கினால் தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்கும் அல்லவா? அதுபோல் தமக்கும் வேண்டும் என்று அவர் கேட்டார். வேலை இடத்துப் புகையால் வந்த நோய் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு இழப்பீடு கொடுத்தார்கள்.

அவர் அதோடு வீட்டில் உட்காரவில்லை. ஊர் ஊராகப் போனார். தொலைக்காட்சியில் பேசினார். இனி எந்தத் தொழிலாளிக்கும் இந்த நோய் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். 2006ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி அவர் இறந்தார். அதற்கு 9 நாட்கள் கழித்து, அவர் வாழ்ந்த ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை செய்யும் இடங்களில் புகையைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கேரளத்தில் வந்த தீர்ப்பு

கனடாவில் இது நடப்பதற்கு முன்பே கேரளத்தில் ஒரு முக்கியமான வழக்கு நடந்தது. பொது இடத்தில் புகை பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டு எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சிலர் போனார்கள். கே. ராமகிருஷ்ணன் எதிர் கேரள அரசு என்பது வழக்கின் பெயர். நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணனும் கே. நாராயண குரூப்பும் வழக்கை விசாரித்தார்கள். 1999ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

தீர்ப்பில் முக்கியமாக மூன்று விஷயங்கள் இருந்தன.

ஒன்று: நமது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு எல்லோருக்கும் உயிர் வாழும் உரிமை கொடுக்கிறது. பொது இடத்தில் ஒருவர் புகை பிடித்தால் மற்றவரின் உயிர் வாழும் உரிமை பாதிக்கப்படுகிறது. எனவே அது சட்டத்துக்கு விரோதம்.

இரண்டு: அது பொதுமக்களுக்குத் தொல்லை கொடுக்கும் குற்றம். அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதன்படி வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் வந்திருக்கிறது. பொதுத் தொல்லை அதிலும் குற்றம்தான்.

மூன்று: அது காற்றை மாசுபடுத்தும் செயல். தொழிற்சாலைப் புகையை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான் இதையும் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் மாநிலப் போலீஸ் தலைவருக்கும், எல்லா மாவட்ட கலெக்டர்களுக்கும் நீதிமன்றம் கட்டளை இட்டது. பொது இடத்தில் புகை பிடிப்பவர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிலையம் மட்டும் அல்ல. கடை, ஹோட்டல், தொழிற்சாலை ஆகியவையும் பொது இடங்கள்தான் என்று சொன்னது. சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் பெண்ணைப் போன்றவர்களுக்கும் நீதி இருக்கிறது என்பது இதன் பொருள்.

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம்

கேரளத் தீர்ப்பு கேரளத்துக்கு மட்டும்தான். மற்ற மாநிலங்களுக்கு என்ன வழி? மும்பையைச் சேர்ந்த அரசியல் தலைவர் முரளி தேவ்ரா தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2001ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆஸ்பத்திரி, பள்ளி, கல்லூரி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பஸ், ரயில் ஆகிய இடங்களில் நாடு முழுவதும் புகை பிடிக்கத் தடை வந்தது.

2003ஆம் ஆண்டு பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். 2004ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அது நடைமுறைக்கு வந்தது.

ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. தனியார் கம்பெனியும் கடையும் இதில் சேருமா? 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, புதிய விதிகள் வந்தன. "வேலை செய்யும் இடம்" என்ற சொல்லே அந்த விதிகளில் வந்தது. அரசு அலுவலகமானாலும் சரி, தனியார் கடையானாலும் சரி, உள்ளே புகை பிடிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1. வேலை செய்யும் இடத்தின் உள்ளே யாரும் புகை பிடிக்கக் கூடாது. தொழிலாளி, மேனேஜர், முதலாளி, வாடிக்கையாளர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

2. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

3. ஒவ்வொரு வாசலிலும், மாடி இருந்தால் ஒவ்வொரு மாடியிலும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பலகை 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும்.

4. புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் பெயரை எழுதி வைக்க வேண்டும்.

5. சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே வைத்துக் கொடுக்கக் கூடாது.

6. இவற்றுக்கெல்லாம் பொறுப்பு முதலாளிக்கு, அல்லது மேனேஜருக்கு. புகார் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், எத்தனை பேர் புகை பிடித்தார்களோ அத்தனை அபராதம் அவர் தலையில் விழும்.

ஆறாவது விதி மிகவும் முக்கியம். பக்கத்தில் புகை பிடிப்பவரோடு தொழிலாளி சண்டை போட வேண்டியதில்லை. தடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கூரை ஒழுகினால் யார் சரி செய்ய வேண்டும்? முதலாளி. மின்கம்பி அறுந்து தொங்கினால் யார் சரி செய்ய வேண்டும்? முதலாளி. புகையும் அப்படித்தான்.

சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள தங்கும் விடுதி, 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில் புகை பிடிக்கத் தனி அறை வைக்கலாம். அதற்கு நான்கு பக்கமும் முழுச் சுவர் வேண்டும். கதவு தானாக மூட வேண்டும். அங்கே வேறு எந்தச் சேவையும் நடக்கக் கூடாது. அதாவது, டீ கொண்டு வா, சாப்பாடு கொண்டு வா என்று ஒரு தொழிலாளியை அந்தப் புகைக்குள் அனுப்பக் கூடாது. சாதாரணக் கடைக்கும் அலுவலகத்துக்கும் இந்த விலக்கு இல்லை.

பலன் கிடைக்குமா?

சட்டம் போட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்று பலர் பயந்தார்கள். அயர்லாந்து நாட்டில் 2004ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி எல்லா வேலை இடங்களிலும் புகையைத் தடுத்தார்கள். மதுக்கடையைக் கூட விட்டுவைக்கவில்லை. அங்கே பரிமாறுபவரும் தொழிலாளிதானே! அதன் பிறகு பல நாடுகள் அதே வழியில் போயின.

ஸ்காட்லாந்தில் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் இப்படித் தடை வந்தது. மருத்துவர்கள் 9 ஆஸ்பத்திரிகளில் கணக்கு எடுத்தார்கள். மாரடைப்பு போன்ற இருதயக் கோளாறால் வருபவர்கள் தடைக்குப் பின் 17 சதவீதம் குறைந்தார்கள். அதே காலத்தில், தடை இல்லாத இங்கிலாந்தில் 4 சதவீதம்தான் குறைவு. ஸ்காட்லாந்தில் நோயிலிருந்து தப்பியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் புகை பிடிக்காதவர்கள். ஒரு பலகையும் ஒரு சட்டமும் சேர்ந்து இத்தனை பேரை ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போகாமல் காப்பாற்றின.

அந்தப் பெண் இனி என்ன செய்யலாம்?

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதும் பெண்ணிடம் சட்டம் இருக்கிறது. ஆனால் பயமும் இருக்கிறது. தனியாகக் கேட்டால் வேலை போகுமோ என்ற பயம். அது நியாயமான பயம்தான். எனவே தனியாகக் கேட்க வேண்டாம்.

முதலில், கூட வேலை செய்பவர்களோடு பேசலாம். புகை பிடிக்காதவர்கள்தான் எங்கும் அதிகம். எல்லோரும் மனதுக்குள் வருத்தப்படுகிறார்கள். ஒருவர் பேசினால் மற்றவர்களும் பேசுவார்கள்.

இரண்டாவது, வாசலில் பலகை இருக்கிறதா என்று பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் "புகவலி பாடில்ல" என்று எழுதியிருக்கும். பலகை இல்லை என்றால் வைக்கச் சொல்லலாம். ஒரு பலகை வைக்க முதலாளிக்கு அதிகச் செலவு ஆகாது. பலகை இருந்தால் தொழிலாளி பேச வேண்டியதில்லை. பலகையே பேசும்.

மூன்றாவது, நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம். எழுதக் கற்றுக்கொண்டது இதற்கும் உதவும். கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு, வணக்கம். கடைக்குள் சிலர் பீடி, சிகரெட் பிடிக்கிறார்கள். அதனால் எங்களுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் வருகின்றன. வேலை செய்யும் இடத்தில் புகை பிடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. வாசலில் அறிவிப்புப் பலகை வைக்கவும், உள்ளே புகை பிடிக்காமல் தடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, தொழிலாளர்கள்."

கீழே எல்லோரும் கையெழுத்துப் போடலாம். தேதி எழுத வேண்டும். ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, தொழிற்சங்கத்தில் சொல்லலாம். கூலி உயர்வு, போனஸ் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது புகையைப் பற்றியும் பேசச் சொல்லலாம். இதுவும் தொழிலாளியின் பாதுகாப்பு விஷயம்தான்.

ஐந்தாவது, எதுவும் நடக்கவில்லை என்றால் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். சப் இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேல் உள்ளவர்களும் இந்தச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். அரசு அலுவலகத்தில் கெசட்டட் அதிகாரிக்கும், ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அபராதம் போட அதிகாரம் உண்டு. அபராதம் கட்டுபவருக்கு ரசீது கொடுக்க வேண்டும்.

புகை பிடிப்பவர் எதிரி அல்ல

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. புகை பிடிப்பவரும் ஒரு தொழிலாளிதான். சுமை தூக்கிக் களைத்தவர் ஒரு பீடி பற்ற வைக்கிறார். புகையிலையில் உள்ள நிக்கோட்டின் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. விட நினைத்தாலும் எளிதில் விட முடிவதில்லை. அவர் தன்னையே அழித்துக்கொள்கிறார் என்பதுதான் உண்மை.

எனவே அவரைத் திட்ட வேண்டாம். பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்த வேண்டாம். "அண்ணே, உள்ளே வேண்டாம், மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொறுமையாகச் சொல்லலாம். பலர் அந்த ஒரு வார்த்தைக்கே வெளியே போய்விடுவார்கள்.

வேலை இடத்தில் தடை இருந்தால் அவருக்கும் நன்மைதான். நாள் முழுவதும் பிடித்தவர் குறைத்துக்கொள்வார். குறைத்தவர் விடவும் கூடும். விட நினைப்பவர்களுக்கு அரசு ஒரு இலவசத் தொலைபேசி எண் வைத்திருக்கிறது. 1800-11-2356 என்பது அந்த எண். சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் அதை அச்சிட்டிருக்கிறார்கள். பீடிக் கட்டில் உள்ள அந்த எண்ணைக் குடும்பத்தில் ஒருவர் படித்துச் சொன்னாலும் போதும்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981ஆம் ஆண்டு தொடங்கியது. கேரளத்திலிருந்து மட்டும் அல்ல, கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். காலையில் அந்த வாசலில் கையில் சீட்டோடு காத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். நோய் வந்தபின் ஓடுவதைவிட, புகை வரும்போதே தடுப்பது மேல். அதற்குப் பணம் வேண்டாம். நாலு பேர் ஒற்றுமையும் ஒரு பலகையும் போதும்.

நினைவில் வைக்க வேண்டியவை

பிறர் விடும் புகையும் நோய் தரும். பீடிப் புகையும் விஷம்தான்.

மின்விசிறியும் ஏ.சி.யும் புகையை நீக்காது.

வேலை செய்யும் இடத்தின் உள்ளே புகை பிடிப்பது குற்றம்.

தடுக்க வேண்டிய பொறுப்பு முதலாளிக்கு, அல்லது மேனேஜருக்கு.

தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் சேர்ந்து கேட்கலாம்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வேலை இடத்தில் "புகை பிடிக்கக் கூடாது" என்ற பலகை இருக்கிறதா? அதில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது?

2. வீட்டுக்குள் புகை குறைந்திருக்கிறது. வேலை இடத்தில் குறையவில்லை. ஏன்?

3. முதலாளியே புகை பிடித்தால் என்ன செய்யலாம்?

4. மேலே உள்ள கடிதத்தை உங்கள் வேலை இடத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுங்கள். கூட வேலை செய்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.